தொட்டிக்காக வெட்டிய கல்

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முப்பது வருடமாகக் கொத்தனார். பழைய கட்டடங்களைத் திருத்துவதில் கெட்டிக்காரர். ஆனால் எழுத்துள்ள கல் வந்தால், யாராவது படித்துச் சொல்லாமல் அதில் உளி வைக்கமாட்டார். "எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. எந்த எறும்பு கடிக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

எங்கள் தெருக்கோடியில் இருந்த மெதடிஸ்ட் சிற்றாலயம் ஆள் வராமல் பூட்டிக் கிடந்து, கடைசியில் விலைபோனது. அதை வீடாக மாற்றும் வேலை அப்பாவுக்கு வந்தது. பாடகர்கள் நின்ற மாடம் படுக்கையறையாயிற்று. பிரசங்க மேடை இருந்த இடத்தில் சமையலறை. வாசல் சுவரிலிருந்து ஒரு கருங்கல் பலகையைப் பெயர்த்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பட்டம் வந்து ஒரு வாரம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம்.

கல்லில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. மேல் வரியில் வருடம் தெரிந்தது. சுரண்டினால் கீழே இன்னும் எழுத்து வரும் என்பதும் தெரிந்தது. புதுத் துணி உடுத்தியிருந்தேன்.

"கட்டின வருஷம்தான்பா. வேற ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாத்தியா கண்ணு?"

"பாத்தேம்பா."

அவசரம் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். ஓர் அவசரமும் இல்லை.

அப்பா அந்தக் கல்லின் நடுவே பாத்திரம் கழுவும் தொட்டிக்கு இடம் வெட்டியெடுத்து, எழுத்துள்ள பக்கம் அடியில் போகச் சமையல் மேடையில் பதித்தார்.

வீடு முடிந்த வாரம், அந்த ஆலயத்தில் நாற்பது வருடம் ஆர்மோனியம் வாசித்த டீச்சர் வந்தார்.

"மேஸ்திரி, வாசல்ல ஒரு கல்லு இருந்துச்சே. கட்டும்போது மண் சுமந்த பன்னெண்டு பொம்பளைங்க பேரு. எங்கம்மா ஆறாவது. ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டுப் போறேன்."

ஆலயத்தை வாங்கிய வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரையும் கேக்காம வெட்டிட்டேம்மா. படிக்காத முண்டம் நான். மன்னிச்சிடுங்க."

"இதுக்குத்தான் விவரம் தெரிஞ்ச ஆளா வெச்சிருக்கணும்" என்றார் வீட்டுக்காரர். டீச்சர் தொட்டியின் விளிம்பைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி அழுதேன். துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "எங்கிட்ட சொல்றது சுலபம்மா. உங்கப்பா தலைகுனிஞ்சது அங்க."

அங்கே போனேன். அப்பாவுக்குச் சொல்லியிருந்த மதில் வேலைக்கு வேறொரு கொத்தனார் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் சிரித்தார்.

"அப்பாவக் காப்பாத்த வந்தியாக்கும்? நீ படிச்ச பொண்ணு. நீ பாத்திருந்தா இப்படி ஆகவிட்டிருப்பியா?"