வடிகஞ்சி கேட்ட அக்கா

இந்த நினைவு மலருக்காக என் அக்காவைப் பற்றிச் சொல்லும்படி என் பேத்தி கேட்டாள். "ஏண்டி, ஆள் இருந்தப்ப ஒரு வார்த்தை கேக்கலை. இப்ப பேப்பரும் பேனாவுமா வந்து நிக்கிற! தெரிஞ்சு என்ன பண்ணப் போற?" என்று திட்டிவிட்டுத்தான் தொடங்கினேன். என் படிப்பு கையெழுத்தோடு முடிந்தது. எழுதியது அவள், தப்பிருந்தால் அவளைக் கேளுங்கள்.

அக்கா திருவெள்ளறையில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டார். அதே தெருவில் எனக்கும் மாப்பிள்ளை பார்த்து, என்னைக் கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டார். தப்பிக்க வழியில்லை.

உலகச் சண்டைக் காலத்தில் பர்மா அரிசி வருவது நின்றது. பசி அதிகமுள்ள தெருவில் கஞ்சித் தொட்டி திறக்க ஓர் அதிகாரி வந்தார். வீடு வீடாக விசாரிக்கும் வேலையை, கொஞ்சம் படித்திருந்த அக்காவிடம் கொடுத்தார். அக்கா வாசலில் நின்று, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். எல்லா வீட்டிலும் "ஆச்சு" என்றார்கள். வாசலில் வைத்துக் கேட்டால் வேறென்ன சொல்வோம்? நானும் அதையேதான் சொன்னேன்.

"உங்க தெருவுக்குக் குறையில்லைம்மா. தொட்டியை வேற தெருவுக்குக் கொடுத்துடறேன்," என்றார் அதிகாரி.

"நாளைக்கு ஒரு நாள் பொறுங்க," என்றார் அக்கா.

மறுநாள் சமையல் முடியும் நேரத்தில் சொம்போடு கிளம்பினார். புடவைக்குப் போட வடிகஞ்சி வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். கடைசியாக என் வீட்டுக்கும் வந்தார்.

"என்னக்கா, பட்டுப்புடவைக்கா கஞ்சி?"

"வாயை மூடு. இருக்கா, இல்லையா?"

"இல்லை."

"நேத்து ஆச்சுன்னியேடி?"

"தண்ணி குடிச்சேன்ல!"

அக்கா சிரிக்கவில்லை. நேராகப் போய் அதிகாரி முன்னால் சொம்பைக் கவிழ்த்தார். இரண்டு சொட்டு விழுந்தது.

"சோறு வடிச்ச வீட்டுல கஞ்சி இருக்கும்ங்க. தெரு முழுக்கச் சுத்தினேன், பாருங்க."

"நேத்து எல்லாரும் சாப்பிட்டதாச் சொன்னாங்களேம்மா?"

"நான் கேட்ட விதம் தப்புங்க. தொட்டி எங்க தெருவுக்குன்னு நீங்க சொல்ற வரைக்கும் இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன்."

தொட்டி வந்தது. முதல் ஆளாக என்னைத்தான் வரிசையில் நிறுத்தினார். மற்றவர்களின் கூச்சம் போகவாம்!

அதன்பிறகு அக்கா யாரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்டதில்லை. வந்தவர் முன்னால் இலையைப் போட்டுவிடுவார். புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி நாட்களிலும், பார்க்க வந்தவர்கள் கையில் ஆரஞ்சுச் சுளையைத் திணித்தார்.

அக்காவை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் கைகூப்புகிறேன்.

அக்காவை எடுத்துப் போன அன்று, எல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னிடம், "சாப்பிட்டாச்சா பாட்டி?" என்றார்கள். வாய்வரை "ஆச்சு" வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு சொன்னேன்:

"இல்லடி, பசிக்குது. சோறு போடுங்க. ரசத்துல உப்பு இருக்கான்னு பாத்துட்டு ஊத்துங்க."