தறிக்குழிக்கு ஒரு சாய்பலகை

அந்தச் சாய்பலகை இப்போது எங்கள் வீட்டில் இல்லை. வேப்ப மரப் பலகை. பின்பக்கம் மூன்று விரல் உயரம், முன்பக்கம் ஒரு விரல். அடியில் நாலு ஆணி, அதில் ஒன்று கோணல். அதை, நெய்பவர் கால் இறக்கும் தறிக்குழியின் விளிம்பில் போட்டு உட்கார்ந்துதான் என் மருமகள் தன் தறியை விடாமல் பிடித்துக்கொண்டாள். அது எங்கே போயிற்று என்று நான் கேட்டால் வீட்டில் சிரிக்கிறார்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு ஒரு பொருள் குறைந்தால் தூக்கம் வராது என்பது அவர்களுக்குப் புரிவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்கு வேலூரில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. ஆரணியில் எங்கள் வீட்டில் அப்போது இரண்டு தறி, மகனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. எங்கள் தெருவில் பிள்ளை பெற்றவளைத் தறியில் உட்கார விடமாட்டார்கள். சும்மாவும் விடமாட்டார்கள். ராட்டை முன் உட்கார வைத்து, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போடும் குச்சியில் பட்டு நூலைச் சுற்றச் சொல்வார்கள். தார் சுற்றுவது என்று பேர். லேசான வேலை என்று எல்லோரும் நம்பினார்கள். என் மனைவியும் பாசத்தோடுதான் அவளை அங்கே உட்கார வைத்தாள்.

மூன்றாம் மாதம் மருமகளின் கட்டைவிரல் அடியில் வீக்கம் கண்டது. குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். அந்தச் சமயம் பார்த்து, தறியும், நெய்யப் பாவு நூலும் கொடுத்திருந்த முதலாளி ஆள் அனுப்பினார். பொங்கல் வரைக்கும் பார்ப்பாராம், அதற்குள் அவள் உட்காராவிட்டால் தறிக்கு வேறு ஆள் போடுவாராம்.

"போட்டுகினு போறாரு. வயித்துல கத்தி வெச்சவ இனிமே குழியில எறங்குவாளா? தார் சுத்திகினு புள்ளைய பாத்துக்கட்டும்" என்றாள் என் மனைவி.

மருமகள் எழுந்து ராட்டையைச் சுவரோரம் தள்ளினாள். "சுத்த மாட்டேன் அத்தை. தறியும் குடுக்க மாட்டேன்."

மறுநாளே பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போனேன். அங்கே ஆக்குபேஷனல் தெரபி என்று ஒரு பிரிவு. அன்றாட வேலையை உடம்பு தாங்கும்படி செய்யக் கற்றுத்தரும் இடம். அங்கிருந்த அம்மா கட்டைவிரல் அசையாதபடி ஒரு பட்டை போட்டார். குழந்தையை விரலால் கவ்வித் தூக்காமல் முன்கையில் ஏந்தி எடுக்கவும், பால் கொடுக்கும்போது முதுகை வளைக்காமல் மடியில் தலையணை வைக்கவும் சொல்லிக்கொடுத்தார். தறியைப் பற்றிக் கேட்டதும், "பாக்காம எப்படிங்க சொல்றது" என்று சனிக்கிழமை கண்ணமங்கலம் வழியாக பஸ் ஏறி வந்துவிட்டார்.

முதலில் ராட்டையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு தாருக்கு முந்நூறு சுற்றுக்கு மேல் ஆகிறது, எண்ணி வைத்திருக்கிறேன் என்றேன். "இதுதாங்க கையை வாங்கியிருக்கு" என்றவர், தறிக்குழியிலும் இறங்கி உட்கார்ந்து பார்த்தார். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"நான் மூணு பெத்தேங்க. உக்கார கத்துக்குடுக்க எந்த அம்மா வந்தாங்க?"

"யாரும் வரலியேம்மா. இப்ப உங்க கை எப்படி இருக்கு?"

என் மனைவி வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்தக் கட்டைவிரல் மடங்கி நிமிராமல் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. மருமகள் மெதுவாகத்தான் சொன்னாள். "நீங்க பொறுத்துகினீங்க அத்தை. நான் பொறுக்க மாட்டேன்."

தையல் போட்ட வயிறு மடங்காமல் உட்கார, அந்த அம்மா சொன்ன அளவில் தச்சரிடம் பலகை செய்தோம். குழிக்குள் இறங்க ஒரு படி வைத்தோம். நாடாவை ஓட்ட இழுக்கும் கயிற்றின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கினோம். டாக்டர் தையலைப் பார்த்துச் சரி என்ற பிறகு, கொஞ்ச நேரம் நெய்வது, எழுந்து நடப்பது, மறுபடி உட்காருவது என்று ஆரம்பித்தாள். ஜன்னலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாடி, ஆபீசரம்மா மாதிரி சீட்டு போட்டுகினு நெய்யிற" என்றாள். "ஆமாக்கா. ஃபேன் ஒண்ணுதான் பாக்கி" என்று பதில் போயிற்று.

பொங்கலுக்கு முன்பே சேலை தறியிலிருந்து இறங்கியது. முதலாளி நேரில் வந்து நெசவைத் தடவிப் பார்த்தார். அடுத்த பாவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறு வருஷம், மருமகளுக்குப் பலகை தேவைப்படாமல் போன பிறகு, பின்தெருவில் ஒரு பெண் பச்சை உடம்போடு ராட்டை முன் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவள் என் மனைவிதான். "ஜல்தி எழுந்திரு, அதை விடு" என்று அங்கே போட்ட சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. அங்கிருந்து பலகை வேறு வீடு போனது, பிறகு இன்னொன்று. ஆறு வீடு வரை எண்ணினேன், அதற்குமேல் தடம் தெரியவில்லை.

போன வாரமும் கேட்டேன். தறியில் இருந்த மருமகள் நாடாவை நிறுத்தாமலே சொன்னாள். "அது திரும்பி வந்தா எவளோ தறிய வுட்டுட்டான்னு அர்த்தம் மாமா. வர வேணாம்."

சரி, வர வேண்டாம். அந்தக் கோணல் ஆணியை மட்டும் யாராவது மாற்றியிருக்க வேண்டும்.