பெட்டியில் ஓட்டை போட்டேன், கார் கண்ணாடியை இறக்கவில்லை

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. நாங்கள் இருப்பது திருவனந்தபுரத்தில், கரமனையில். கணவரின் அலுவலக நண்பர்கள் குடும்பத்தோடு கல்லாற்றங்கரையில் ஒரு வீடு எடுத்து மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஐஸ்கிரீம் எங்கள் பொறுப்பு. போய்ச் சேர்வதற்குள் உருகிவிடக் கூடாது என்று கடைக்காரர் தெர்மாகோல் பெட்டியில் கப்புகளுக்கு மேலும் கீழும் டிரை ஐஸ் கட்டிகளை அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுத்தார்.

நான் பள்ளியில் தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அறிவியல் டீச்சர். திடம், திரவம், வாயு என்று பன்னிரண்டு வருடமாக நடத்துகிறேன். டிரை ஐஸ் உருகித் தண்ணீராகாது, கட்டியிலிருந்து நேரே வாயுவாகிவிடும். கற்பூரத்துக்குச் சொல்வோமே, பதங்கமாதல், அதுதான். வாயு வெளியேற வழி இல்லையென்றால் பெட்டி வெடித்துவிடும். அதனால் அங்கேயே கத்திரிக்கோல் வாங்கி மூடியில் நாலைந்து ஓட்டை போட்டேன். கடைக்காரர் வண்டியைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார். எனக்குத் தெரியும், இதைத்தான் பாடம் எடுக்கிறேன் என்று பேச்சை முடித்துவிட்டேன்.

டிக்கி முழுக்கப் பாத்திரங்கள். பெட்டியைப் பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் வைத்தோம். ஆறு வயது மகள் பின்சீட்டில் இருந்தாள். நெடுமங்காடு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்று வராதபடி ஏ.சி.யைப் போட்டோம். மகள் படுத்துத் தூங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. மாடிப்படி ஏறினவள் மாதிரி மூச்சு வாங்கியது. வளைவு ரோடு, காலையில் சரியாகச் சாப்பிடவும் இல்லை, அதுதான் என்று நினைத்தேன். கணவர் கொட்டாவி மேல் கொட்டாவி விட்டார். விதுரை தாண்டி ஒரு வளைவில் வண்டி ஓரத்துக் கல்லை உரசப் போனது. ஒரு சாயா குடித்துவிட்டுப் போகலாம் என்று அடுத்து வந்த சிறு கடை முன்னால் நிறுத்தினார்.

இறங்கியதுமே எனக்குத் தலை தெளிந்தது. மகளைக் கூப்பிட்டேன், அசையவில்லை. நல்ல தூக்கம், கிடக்கட்டும் என்று ஏ.சி.யை ஓடவிட்டே கதவைச் சாத்தினேன். இதைச் சொல்வதுதான் எனக்கு இன்றும் கஷ்டம்.

கடையில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் இருந்தார். பொன்முடித் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவராம், அதனால் எங்களிடம் தமிழிலேயே பேசினார். நான் மகளைக் கூப்பிட்டது காதில் விழுந்திருக்கும் போல, குட்டி எங்கே என்று கேட்டார். காரில் தூங்குகிறாள் என்றேன். மழையில் பிள்ளையைத் தனியாக அடைத்து வைப்பார்களா என்று முணுமுணுத்துக்கொண்டே குடையோடு போய்ப் பின்கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். குனிந்தவர் சட்டென்று முகத்தை இழுத்துக்கொண்டார்.

"உள்ளே என்ன வச்சிருக்கீங்க? சோடா மூக்குல ஏறின மாதிரி எரியுது."

சோடா. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. சோடாவில் இருக்கும் வாயுவும் டிரை ஐஸிலிருந்து வரும் வாயுவும் ஒன்றுதான், கார்பன் டை ஆக்ஸைடு. காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில்தான் தங்கும். பெட்டியிலிருந்து வெளியேற நான் வழி செய்து கொடுத்த வாயு, என் மகளின் முகத்துக்குப் பக்கத்தில் போய்த் தேங்கியிருந்தது.

நான் ஓடிச் சேர்வதற்குள் அவர் மகளை அள்ளி வெளியே எடுத்துவிட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கழுத்து துவண்டிருந்தது. கடை முன்னால் காற்றோட்டமாகக் கிடத்தி, கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டோம். ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும். கண் திறந்தாள், வாந்தி எடுத்தாள், பிறகு ஓவென்று அழுதாள். அவள் அழுத பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

கணவர் பெட்டியைத் தூக்கிக் கடை முற்றத்தில் வைத்துவிட்டு, கார்க் கதவு நான்கையும் கொஞ்ச நேரம் திறந்து போட்டார். அந்தப் பெண் கடையை அப்படியே விட்டுவிட்டு வழி காட்ட எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எல்லாக் கண்ணாடியும் இறக்கி, மழையில் நனைந்துகொண்டே போனோம். மகள் அவர் மடியில்தான் இருந்தாள்.

ஆக்ஸிஜன் வைத்து, சாயங்காலம் வரை படுக்கையில் வைத்திருந்து அனுப்பினார்கள். நடந்ததைக் கேட்ட டாக்டர், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். டீச்சர் என்றேன். எந்தப் பாடம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திரும்பும்போது அந்தப் பெண்ணைக் கடையில் விட நாங்களும் இறங்கினோம். முற்றத்தில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்து, ஐஸ்கிரீம் எல்லாம் பாயசமாகிவிட்டது என்று அவர் சிரித்தார். ஏதோ ஆபத்து என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். கதவைத் திறந்தும் குட்டி எழும்பல, மூக்கு வேற எரிஞ்சுது. அதான் வெளியே எடுத்தேன்."

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அன்றைக்கு அழுகையை நிறுத்த அந்தக் கடைக்காரப் பெண் கையில் கொடுத்த பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி மட்டும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. எனக்கோ வருடா வருடம் அந்தப் பாடம் வருகிறது. திடம் நேரே வாயுவாகும் என்று போர்டில் எழுதிய பிறகு, அந்த வாயு எங்கே போகும், அங்கே யார் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கேட்காமல் நான் அந்த வகுப்பை முடிப்பதே இல்லை.