நேராக்கிய ஷூ

அகலப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கைக்குழந்தையான மகளின் வலது காலை அதில் ஊறவைத்து, மாவுக்கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார் மெக்கானிக். மனைவி விதித்த தண்டனை அது.

“கெடுத்த கைதான் கட்டையும் பிரிக்கணும். மெதுவா! அது காலு, லாரி டயர் இல்ல.”

சக்கரங்களை நேர் பார்ப்பது அவர் பிழைப்பு. பட்டறையில் அந்தக் கண்ணுக்கு மரியாதை, வீட்டில் அதுவே தொல்லை. சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்கு உள்பக்கம் மடங்கிய பாதத்தோடு மகள் பிறந்தாள். வாராவாரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். கட்டு மாற்றி மாற்றிப் பாதம் வழிக்கு வந்தது. பிறகு டாக்டரம்மா, கம்பியின் இரு முனையிலும் பூட்டிய குட்டி ஷூக்களைக் கொடுத்தார். இரண்டும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. உள்ளே ஓடப் பார்க்கும் பாதத்தை வெளியே பிடித்து வைத்தால்தான் அது நேராக நிற்கும் என்றும் விளக்கினார். மெக்கானிக் தலையாட்டினார்.

தலைதான் ஆடியது, கை கேட்கவில்லை. மறுநாளே ஸ்பேனரை எடுத்து, இரண்டு ஷூவையும் தண்டவாளம்போல நேராக்கிவிட்டார். பிள்ளையும் சிணுங்குவதைக் குறைத்தாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த முறை போனபோது பாதம் பழையபடி உள்ளே திரும்பத் தொடங்கியிருந்தது.

“யாரு இதை நேராக்குனது?” என்றார் டாக்டரம்மா.

“வேற யாரு? ஊரு வண்டியெல்லாம் போதலைன்னு புள்ளையப் பட்டறையில விட்டுட்டாரு!” என்றாள் மனைவி.

மறுபடி கட்டு. இன்னொரு முறை திரும்பினால் பெரிய ஆபரேஷன்தான் என்றும் சொல்லியனுப்பினார்கள்.

இன்று கடைசிக் கட்டு. பிரித்து, துடைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டரம்மா பாதத்தை மெல்ல வளைத்துப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கு.”

மனைவி மூச்சு விட்டாள். டாக்டரம்மா ஷூக்களை மாட்டி, முன்போலவே வெளிப்பக்கம் திருப்பி முடுக்கினார். மெக்கானிக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என்ன மெக்கானிக் சார், கோணலா இருக்கா?”

“கேக்குறாங்கல்ல, வாயத் தொறந்து சொல்லுங்களேன்,” என்றாள் மனைவி.

அவர் சட்டைப்பையிலிருந்த சின்ன ஸ்பேனரை எடுத்து அவள் பைக்குள் போட்டார். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். வழியில் கோணலாகக் கிடந்த ஸ்டூலைக் காலால் தள்ளி நேராக்கிவிட்டு, வெளியே போனார்.