மூடியில் விளக்கு உள்ள ஸ்கேனர்

2008 நவம்பர் 12, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து, வானொலியில் செய்தி கேட்டு, குளித்து, இட்லி சாப்பிட்டேன். வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையில் முந்தின நாளே விடுப்புச் சொல்லியிருந்தேன். தேவாரத்தில் எட்டு மணிப் பேருந்தைப் பிடித்துத் தேனிக்குப் போனேன்.

சட்டைப்பையில் காகித உறைக்குள் ஒரு நெகட்டிவ் இருந்தது. அக்காவின் கல்யாணத்தில் எடுத்த சதுர பிலிம். அக்கா இறந்தபோது அவள் மகளுக்கு இரண்டு வயது. ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. அந்த மகளுக்குத் தையில் கல்யாணம். எங்கள் குடும்பத்தில், பெண் மணவறைக்குப் போகுமுன் இறந்தவர்களின் படத்தின் முன் விழுந்து கும்பிட வேண்டும்.

“யாரப் பாத்து மாமா கும்பிடுறது? எனக்கு அம்மா மூஞ்சியே தெரியாதே” என்று ஒருமுறை கேட்டாள். மறுமுறை கேட்கவில்லை.

பரணிலிருந்து நெகட்டிவ் டப்பாவை இறக்கினேன். பலவற்றில் பூஞ்சை படர்ந்திருந்தது. அக்காவின் முகம் தெளிவாக இருந்தது இந்த ஒன்றில்தான். இதிலும் ஓரத்தில் புள்ளிகள் தொடங்கிவிட்டன. கலர் லேபில் இந்த அளவு பிலிமுக்குப் பிரிண்ட் போடுவதில்லை என்றார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. ஸ்கேனர் வாங்கினால் மிச்சத்தையும் காப்பாற்றலாம் என்று முடிவுசெய்தேன்.

காகிதத்துக்கான ஸ்கேனர் போதாது. பிலிமின் ஊடே ஒளி வர மூடியிலும் விளக்கு வேண்டும். தேனியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒன்றைக் காட்டினார். ஏலக்காய் மூட்டையில் அடிவரை கைவிட்டு ஒரு பிடி எடுத்துத் தட்டில் கொட்டிப் பார்க்காமல் நாங்கள் விலை பேசுவதில்லை. அதே வழக்கத்தில் நெகட்டிவை நீட்டினேன்.

“இத வச்சுக் காட்டுங்க.”

“பொண்ணு பாக்க வர்றவுககூட இம்புட்டுச் சோதிக்க மாட்டாகண்ணே.”

முனகிக்கொண்டே பெட்டியைப் பிரித்தார். நெகட்டிவைச் சட்டை நுனியால் துடைக்கப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். பிறகு திரையில் படம் வந்தது. மூடி விளக்கு ஒடுக்கமானது. நடுவில் ஒரு பட்டை மட்டும் தெரிந்தது. அக்காவின் முகம் இருட்டில் போயிருந்தது.

“மாலை நல்லா விழுந்திருக்குல்லண்ணே.”

“மாலைக்கா கல்யாணம்? மூஞ்சி எங்க?”

அவர் சிரித்துவிட்டார். “அகல விளக்கு உள்ளது ஒண்ணு கெடக்கு. ஸ்டுடியோக்காரவுக கேட்டுட்டு எடுக்காம விட்டாக. இதுமாதிரி ரெண்டு மடங்கு வெல. வீட்டுக்கு எதுக்குண்ணே அது?”

“அதையும் வச்சுக் காட்டுங்க.”

இந்த முறை சதுரம் முழுவதும் வந்தது. இடப்பக்கம் தலைகுனிந்து, கண்ணை மட்டும் உயர்த்தி, அக்கா.

“யாருண்ணே இது?”

“எங்க அக்கா. இப்ப இல்ல.”

அவர் திரையை என் பக்கம் முழுதாகத் திருப்பிவைத்தார். மறுபேச்சில்லாமல் அதையே கட்டச் சொன்னேன்.

வீடு சேர்ந்தபோது மின்வெட்டு. மின்சாரம் வந்ததும் ஒயர்களை மாட்டி, விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். நெகட்டிவை வைக்கவில்லை. உத்தமபாளையத்தில் இருந்த அக்கா மகளுக்குப் போன் செய்து, விடிந்ததும் முதல் பேருந்தில் வரச் சொன்னேன்.

மறுநாள் காலை, வந்தவளை நாற்காலியில் உட்காரவைத்து, நெகட்டிவை ஓரம் பிடித்துக் கண்ணாடிமேல் வைத்து மூடினேன். பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன்.