சீராகக் கொடுத்த ஏரியா

கேபிள்காரன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். ஓடைப்பட்டியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவனுக்கு என்ன குமட்டல் என்று கேட்பீர்கள். மருந்து நாற்றம் கையைக் கழுவினால் போய்விடும். இது போகாது. பக்கத்துக் கடை பவுனுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பவுனு கடமலைக்குண்டில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பி.காம். படித்தவள். புருஷன் முத்துராஜா திராட்சைக்காரன். ஒரு வருஷம் பூக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பின்னாலேயே நோயும் வந்து பந்தல் முழுக்கக் கருகியது. அந்த வருஷம்தான் பவுனு கழுத்தில் கிடந்ததை அடகு வைத்துக் கம்ப்யூட்டர்கள் வாங்கி, பிரவுசிங் சென்டர் போட்டாள். மகள் திரிஷா அப்போது கைக்குழந்தை. பவுனு கடை விட்டத்தில் தூளி கட்டி, ஒரு காலால் ஆட்டிக்கொண்டே கீபோர்டு தட்டுவாள். வீடும் கடையும் ஒரே தெருவில் இருந்ததால்தான் இந்தத் தொழிலுக்கே துணிந்தாள்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. பரீட்சை ரிசல்ட் பார்க்க, வேலைக்கு மனுப் போட, துபாயில் இருக்கும் மகன் முகத்தைப் பார்க்க என்று வந்துகொண்டே இருப்பார்கள். வந்த காசு எங்கே போயிற்று என்றால், கோட்டைச்சாமியிடம் போயிற்று.

எங்கள் ஊருக்கு டிவி கேபிளும் இன்டர்நெட்டும் கொடுத்த ஒரே ஆள் கோட்டைச்சாமிதான். தேனியில் மாதம் அறுநூறு ரூபாய்க்குக் கிடைத்த இணைப்புக்கு பவுனு கடை, என் கடை என்று எங்களிடம் ஆயிரத்து நானூறு வாங்கினார். அது தேனி இணைப்பைவிட மெதுவாகவும் வந்தது. பவுனு காரணம் கேட்டாள்.

"தூரம் இருக்குல்ல தங்கச்சி. தேனியில இருந்து இங்கன வரைக்கும் ஒயர் இழுக்கணும்ல?" என்றார்.

அவள் நம்பிவிட்டாள். நான் விடவில்லை.

"ஏ ஆத்தா, நீ திராட்சைக்காரன் பொண்டாட்டிதான?" என்று கேட்டேன். "தோட்டத்துக்கு ஒத்த யாவாரி வந்தா என்ன சொல்லுவான்?"

"பழம் புளிக்குதும்பான்."

"ரெண்டாவது யாவாரி வண்டியை நிறுத்துனா?"

"மொத யாவாரிக்குப் பழம் இனிச்சுப்போகும்" என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். மறுநாளே பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சின்னமனூருக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே நல்லகண்ணு என்று ஒரு கேபிள்காரர். அவரை ஓடைப்பட்டிக்கு வரவழைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்துக் கொடுத்தாள். நல்லகண்ணுவின் ஒயர் ஊருக்குள் நுழைந்த அன்றைக்குச் சாயங்காலமே கோட்டைச்சாமி மாத வாடகையைப் பாதியாக இறக்கினார். தேனிக்கும் ஓடைப்பட்டிக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரே நாளில் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஒரு வருஷம் பவுனு நிம்மதியாகக் கடை நடத்தினாள். அடகு நகையில் பாதியை மீட்டாள். அப்புறம் இரண்டு கேபிள்காரர்களும் ஒருவர் ஒயரை ஒருவர் அறுக்க ஆரம்பித்தார்கள். இவர் ஆள் அதை அறுத்தால், அவர் ஆள் இதை அறுப்பான். பிள்ளைகள் ரிசல்ட் பார்க்க வந்து நிற்கும், நெட் இருக்காது. கடைசியில் பவுனுதான் இருவரையும் கடைக்கு வரச் சொன்னாள். ஆளுக்கொரு டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

"ரெண்டு பேரும் முறைக்காரக. இவுக வீட்டுல பையன் இருக்கான், அவுக வீட்டுல பொண்ணு இருக்கு. பேசாமச் சம்பந்தம் பண்ணிக்கிருங்கண்ணே. எங்க ஒயராவது பொழைக்கும்."

எல்லோரும் சிரித்தோம். எங்கள் பக்கம் வரப்புச் சண்டை முத்தினால் பெண்ணைக் கொடுத்துத்தான் முடிப்பார்கள். பவுனு அந்தப் பழக்கத்தில் சொன்னாள். அவர்கள் இருவர் மட்டும் சிரிக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தை பிறந்ததும் கல்யாணம். கோட்டைச்சாமி மகன் விஜயகுமாருக்கும் நல்லகண்ணு மகள் கயலுக்கும். சம்பந்தம் பேசிவிட்டவள் என்று பவுனுக்குத் தாம்பாளத்தில் பட்டுச்சேலை வைத்துக் கொடுத்தார்கள். மண்டபத்தில் சீர்வரிசை பரப்பியிருந்தது. கட்டில், பீரோ, பித்தளைப் பாத்திரம், வாசலில் மாலை போட்ட பைக். மைக்கில் ஒருவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் குரலை உயர்த்தினார்.

"மேலும் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு ஓடைப்பட்டி ஏரியாவைச் சீராகக் கொடுக்கிறார்கள்!"

மண்டபமே கைதட்டியது. ஓடைப்பட்டி ஏரியா என்றால் யார்? நாங்கள்தான். பீரோவோடும் கட்டிலோடும் சேர்த்து எங்களையும் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு நாங்களே கைதட்டி, மொய்யும் எழுதி, பாயசத்தை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தோம். தூ! மானங்கெட்ட பிழைப்பு.

மறுமாதம் நல்லகண்ணுவின் ஒயரைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். வாடகை ஆயிரத்து எண்ணூறு ஆனது. பவுனு கோட்டைச்சாமி வீட்டுக்கே போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, இப்பிடி ஏத்துனா நான் கடையை மூடணும்ணே. பிள்ளையை வச்சுக்கிட்டு வேற எங்கன போவேன்?"

"கல்யாணச் செலவு கொஞ்சமா தங்கச்சி? உனக்குத் தெரியாததா?" என்று அவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். "கட்டுபடியாகலைன்னா விட்டுரு. யாரும் கட்டாயப்படுத்தலையே."

அந்தப் பல்குச்சியைப் பிடுங்கி அவர் கண்ணில் குத்தலாமா என்றிருந்தது எனக்கு. பவுனு திரும்பி நடந்தாள்.

கடையை மூடிவிட்டுத் தேனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் கடைக்கு இடம் பிடித்தாள். விடியும்போது பஸ் ஏறினால் திரும்பி வருவதற்குள் திரிஷா தூங்கியிருப்பாள். காலையில் கிளம்பும்போதும் தூக்கம்தான். தகப்பன்தான் பிள்ளைக்குச் சோறூட்டி, தலை சீவி, பால்வாடிக்குக் கொண்டுபோய் விட்டான். பவுனு விழித்திருக்கும் மகளைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பவுனு என் கடை வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, என் தேனிக் கடைக்கு யாரு வந்தாகன்னு சொல்லுங்க பாப்போம். கோட்டைச்சாமி அண்ணன். சம்பந்தி ரெண்டு பேரும் சேந்து அங்கனயும் லைன் குடுக்குறாகளாம்."

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாராம். நீ போட்டுப் பேசிய வாயால் நீங்க என்றாராம். உங்களுக்கென்று தனி ரேட்டு, ஐந்நூற்றைம்பதுதான் என்றாராம்.

"நீ சும்மாவா இருந்த?"

"கேட்டேண்ணே. ஓடைப்பட்டிக்கும் இங்கன இருந்துதானண்ணே ஒயர் போகுது, எங்களுக்கு மட்டும் ஏண்ணே அம்புட்டு ரேட்டுன்னு. சிரிச்சுக்கிட்டே சொல்றாக, 'இங்கன நாலு பேரு இருக்காகளே தங்கச்சி, அங்கன நான் ஒருத்தன்தான?'"

"செருப்பால அடிச்சு வெரட்ட வேண்டாமா ஆத்தா!"

பவுனு மடியில் இருந்த மகளின் சடையைப் பின்னிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அவருகிட்டத்தாண்ணே லைன் எடுத்திருக்கேன். மத்த மூணு பேரும் அம்பது ரூவா கூடக் கேக்குறாக."

எனக்கு நாக்குவரை வந்த கெட்ட வார்த்தையைப் பிள்ளை இருந்ததால் விழுங்கினேன். அந்த நேரம் பார்த்துக் கோட்டைச்சாமியின் ஆள் என் கடைக்கு மாத வசூலுக்கு வந்து நின்றான். ஆயிரத்து எண்ணூறை எண்ணிக் கொடுத்தேன்.