சிவப்புப் பொட்டு உடையாத ஓபோ: பெரம்பலூரிலிருந்து வரதராஜன்பேட்டை வரை

பெரம்பலூரில் குழல் வாத்தியங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. போன சனிக்கிழமை ஓர் ஓபோவைப் பார்க்க வரதராஜன்பேட்டை போய் வந்தேன். நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம் அது, உடம்பெல்லாம் துளைகளை மூடித் திறக்கும் சாவிகள். மாதா கோயில் பாடகர் குழுவில் அதை வாசிப்பவர் ஜெசிந்தா டீச்சர். மூன்று மாதம் முன்பு நான் சர்வீஸ் செய்து கொடுத்ததிலிருந்து அடிச்சுரங்கள் வரவில்லை என்று இரண்டு முறை போன் செய்தார். "நிமோனியா வந்து எழுந்தீங்கல்ல டீச்சர், மூச்சு பத்தாது" என்று இரண்டு முறையும் சொன்னேன். அதை நம்பி ஈஸ்டர் பாட்டைக் கீபோர்டுக்கு விட்டுக்கொடுத்தார். இப்போது ஓபோவையே வேறு பங்குக் கோயிலுக்குக் கொடுக்கப் போவதாகவும், கடைசியாக ஒருமுறை பார்த்துத் தரும்படியும் கேட்டார்.

காலை 6.40க்கு பஸ் ஏறினேன். அரியலூர், ஜெயங்கொண்டம் இரண்டிலும் மாறி ஆண்டிமடம் சேர 9.50. மூன்று பஸ்ஸுக்கும் சேர்த்து 82 ரூபாய், அங்கிருந்து ஆட்டோ நூறு.

"பொட்டியில என்ன சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஸ்குரூ டிரைவருங்க."

"அதுக்கா இம்புட்டுத் தூரம்?"

டீச்சர் வீட்டில் ஒவ்வொரு சாவியின் மூடிக்கு அடியிலும் மெல்லிய காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் காகிதத்தைப் பிடிக்கவே இல்லை. அதை அழுத்தும்போது பக்கத்து மூடியும் சேர்ந்து மூட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டித் திருகு உண்டு. அது அதிகமாக இறுகினால் முதல் மூடி முழுசாக உட்காராது, அடிச்சுரமும் எழும்பாது.

"யாரோ திருகியிருக்காங்க டீச்சர்" என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே.

பிறகுதான் திருகின் தலையைப் பார்த்தேன். அளவு வைத்து முடித்ததும் திருகு நகராமலிருக்க சிவப்பு நகப்பாலிஷ் ஒரு பொட்டு வைப்பது என் வழக்கம். "இது ஒடையாத வரைக்கும் யாரும் கை வெக்கலன்னு அர்த்தம்" என்று சர்வீஸ் அன்று டீச்சரிடம் பீற்றிக்கொண்டதும் நான்தான். பொட்டு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

முகம் சுட்டது. அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பொட்டைச் சுரண்டினேன், கால் சுற்று தளர்த்தினேன். டீச்சர் ஊதினார். அடிச்சுரம் கனமாக, முழுசாக வந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "மூச்சு இருக்கு சார்" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வெயிலுக்கு ஓபோ மரம் கொஞ்சம் இழுத்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் போட்ட மீன்குழம்புச் சோற்றையும் தின்றேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மனசு கேட்காமல் போன் செய்து, திருகை இறுக்கியது நான்தான் என்றேன்.

"தெரியும் சார். யாரோ திருகிட்டாங்கன்னு நீங்க சொன்னப்பவே பொட்டப் பாத்துட்டேன். நீங்களா சொல்றீங்களான்னுதான் சோறு போட்டுட்டு ஒக்காந்திருந்தேன்" என்றார். பிறகு, "ஓபோவ யாருக்கும் குடுக்கல" என்று வைத்துவிட்டார்.

இந்தப் பக்கம் வாத்தியத்தோடு வருகிறவர்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னல் வெயில் படாமல். பழுது பார்ப்பவர் உங்கள் மூச்சைக் குறை சொன்னால், முதலில் திருகைப் பார்க்கச் சொல்லுங்கள். அது நானாக இருந்தாலும்.